அம்பாசடர் மார்க் 3: இருபது கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் கழித்து ஓடுகிறது. பெட்ரோலா, கரண்டா?

வைகைக்கரை (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1977-ல் வாங்கிய அம்பாசடர் மார்க் 3 எங்கள் வீட்டில் இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், எஸ்யூ கார்ப்பரேட்டர், எஞ்சின் ஓட்டத்தில் இயங்கி டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏசி பம்ப். அப்பா தவறிய பிறகு எட்டு மாதம் ஷெட்டிலேயே நின்றது. பொங்கல் முடிந்து வெளியே எடுத்து, ஆயில் மாற்றி, புது பேட்டரி போட்டு, பழைய பெட்ரோலை இறக்கிவிட்டு ஓட்டத் தொடங்கினேன். ஊருக்குள் ஓடும்வரை எந்தக் குறையும் இல்லை. காலையில் பாதி சோக் இழுத்தால் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும்.

பிரச்சினை வெளியூர் போகும்போதுதான். ரிங் ரோடு ஏறி 18, 20 கிலோமீட்டர் போனதும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் ஒரு தயக்கம் வரும். அப்புறம் வெட்டி வெட்டி ஓடும், ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் பிக்கப் இருக்காது, ஒரு நிமிடத்தில் ஆஃப் ஆகிவிடும். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்காது. ஓரமாகப் புளியமரத்தடியில் நிறுத்தி 25, 30 நிமிடம் உட்கார்ந்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். அடுத்த பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் திரும்பவும் அதே கதை.

இதுவரை மாற்றியவை: நான்கு பிளக், காயில் கரண்டை விட்டு விட்டு வெட்டும் சிபி பாயின்ட், கண்டென்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர்கள், பிளக்குக்கு உயர் வோல்ட் கரண்ட் தரும் இக்னிஷன் காயில், ஏசி பம்ப் கிட், கார்ப்பரேட்டர் கிட். கிட்டத்தட்ட 11,000 ரூபாய் ஆகிவிட்டது. ஒரு மெக்கானிக் பெட்ரோல் கோளாறு என்கிறார், இன்னொருவர் கரண்ட் கோளாறு என்கிறார், மூன்றாமவர் எஞ்சினை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். காயில் மாற்றிய பிறகு நிலைமை இன்னும் மோசமானதுபோல் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அப்பா வண்டிதான் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். இரண்டு மாதம்கூட இல்லை. எங்கே தொடங்குவது என்று யாராவது வழி சொல்லுங்கள்.

திருச்சி_ஃபியட்

இது வேப்பர் லாக்கேதான் சார். என் பிரீமியர் பத்மினி காரிலும் இதே தொல்லை இருந்தது. உங்கள் வண்டியில் ஏசி பம்ப் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சின் புகை வெளியேறும் இரும்புக் குழாய்) இருக்கும் பக்கத்தில், அதன் சூடு படுகிற இடத்தில் இருக்கிறது. வெயில் காலத்தில் பம்புக்குள்ளேயும் அதற்கு முன்னால் வரும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளுவதற்குச் செய்தது, ஆவியை அதனால் தள்ள முடியாது. ஆறினால் ஆவி மறுபடி பெட்ரோலாகிவிடும், வண்டி ஓடும். நீங்கள் சொல்கிற அறிகுறி அப்படியே பொருந்துகிறது.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், பெட்ரோலோடு சேரும்போது கலவை அதற்கும் கீழேயே ஆவியாகத் தொடங்கும். எழுபதுகளில் போட்ட ரப்பர் குழாய்கள் எத்தனால் பட்டால் உப்பி உள்பக்கம் உரிந்து வரும், அந்தத் துணுக்கு கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் சேம்பர் வாயில் வந்து அடைக்கும். முதலில் டேங்க்கிலிருந்து கார்ப்பரேட்டர் வரை எத்தனை இடத்தில் ரப்பர் குழாய் இருக்கிறதோ அத்தனையையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். அதுவரை அந்தக் காலத்து டிரைவர்கள் செய்ததுபோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் டேங்க் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரிக் பம்ப் போட்டுவிடுங்கள், இழுப்பதைவிடத் தள்ளுவது எப்போதும் மேல்.

கோவை_ஸ்பேனர்

தம்பி, 1974-ல் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தவன் நான், அம்பாசடரின் இந்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சினை எத்தனை முறை பிரித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. உங்கள் பதிவைப் படித்ததும் ஒரே ஒரு வருத்தம். ஒன்பது பொருள் மாற்றியிருக்கிறீர்கள், ஆனால் வண்டி நின்ற அந்த நிமிடத்தில் பிளக்கில் கரண்ட் வந்ததா, கார்ப்பரேட்டரில் பெட்ரோல் இருந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஆறிய வண்டியைப் பட்டறையில் வைத்துப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். நோய் அங்கே இல்லையே.

வேப்பர் லாக் என்று திருச்சிக்காரர் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் சூடானதும் காயில் உள்ளே சுற்று அறுந்து ஆறினதும் ஒட்டிக்கொள்வதும் உண்டு, கண்டென்சர் சூட்டில் கசிவதும் உண்டு. இந்த மூன்றும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் ஊகத்தை ஒதுக்கிவிட்டு இப்படிச் செய்யுங்கள்.

டிக்கியில் ஒரு பழைய பிளக், ஒரு சோதனை பல்பு, கவ்வும் கிளிப் போட்ட ஒரு முழ வயர், வாய் அகலமான கண்ணாடி பாட்டில், ஈரச் சாக்கு, முடிந்தால் சின்ன தீயணைப்பான், இவ்வளவும் எடுத்துக்கொண்டு போங்கள். கூட ஒரு ஆளையும் கூட்டிப் போங்கள், தனியாக வேண்டாம்.

வண்டி நின்றதும் பானெட்டைத் திறந்து முதலில் கரண்ட். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் வரும் காயில் வயரைக் கழற்றி, பழைய பிளக்கில் சொருகி, பிளக்கின் உடலை அந்த வயரால் எஞ்சின் பிளாக்கோடு சேர்த்துக் கட்டுங்கள். கூட வந்தவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல ஸ்பார்க் என்றால் நீலமாக, 'சட் சட்' என்று காதில் விழுகிற மாதிரி அடிக்கும். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மெல்லிசாக வந்தால் அது ஸ்பார்க் கணக்கில் சேராது. அந்த நேரத்தில் காயிலைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பது சகஜம், ஆனால் கையை வைத்திருக்கவே முடியவில்லை என்றால் அங்கே விஷயம் இருக்கிறது. சோதனை பல்பின் ஒரு முனையை காயிலில் பாயின்ட்டுக்குப் போகும் முனையிலும் இன்னொன்றை பிளாக்கிலும் வைத்தால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது விட்டு விட்டு எரிய வேண்டும். எரிந்தே இருந்தாலோ எரியவே இல்லை என்றாலோ பாயின்ட் பக்கம் பாருங்கள்.

பெட்ரோல் சோதனையைக் கரண்ட் சோதனை முடிந்த பிறகுதான் செய்ய வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவே கூடாது. காயில் வயரை பத்திரமாக பிளாக்கோடு சேர்த்துவிட்டு, கார்ப்பரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி பாட்டிலுக்குள் விடுங்கள். எக்ஸாஸ்ட் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டர் அடித்தால் பெட்ரோல் துடித்துத் துடித்து வர வேண்டும். குமிழி குமிழியாக வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, அதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு வேக்கம் இழுக்கும்போது நகரும். அந்தத் தட்டுக்கு எர்த் கொடுக்கிற பின்னல் வயர் ஒன்று உண்டு, சணல் நூல் கனம்தான் இருக்கும். நாற்பது ஐம்பது வருடம் ஆடி ஆடி அது உள்ளே அறுந்து, வெளியே முழுசாக இருப்பதுபோலத் தெரியும். பாயின்ட் மாற்றுகிறவர்கள் யாரும் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. மூடியைக் கழற்றும்போது குறடால் லேசாக இழுத்துப் பாருங்கள்.

பழைய காயிலைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா, இருக்கிறதா? அதையும் எழுதுங்கள்.

யாழ்_மைனர் (யாழ்ப்பாணம்)

கோவை அண்ணை சொன்னது முற்றிலும் சரி. என்னிடம் 1959 மொறிஸ் மைனர் 1000 இருக்கிறது, 948 சிசி. உங்கள் எஞ்சினின் தம்பி என்று சொல்லலாம், காபரேற்றரும் அதே எஸ்யூ குடும்பம்தான். அதில் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் வேலை செய்யும், டிக் டிக் என்று சத்தம் கேட்கும். பெற்றோல் வராவிட்டால் அந்தச் சத்தம் மாறும், உடனே பிடித்துவிடலாம். உங்கள் பம்ப் சத்தம் போடாது, அதனால்தான் பாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெற்றோல் ஆவியாகும் விஷயத்தில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காது, கிடைத்தால் தங்க விலை. ஊரில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலை சில துளி காபரேற்றர் வாய்க்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகவே மாட்டாது, எஞ்சின் நன்றாகச் சுட்டால்தான் எரியும். ஆறிய எஞ்சின் எங்களுக்கு எதிரி, சூடேறிய எஞ்சின் நண்பன். என் அப்பா சைலன்சர் சூட்டை மேலே திருப்புவதற்காக ஒரு தகரத்தை வளைத்து காபரேற்றருக்குக் கீழே கட்டியிருந்தார். உங்களுக்கு வேண்டியது நேர் எதிர்: காபரேற்றருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு இருக்க வேண்டும், அது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பழுது பார்த்தவர்கள் பல பேர் அதைக் கழற்றிவிட்டு மறுபடி பூட்டுவதில்லை.

எஸ்யூவில் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. காற்று வடிகட்டியைக் கழற்றி, விரலால் பிஸ்ரனை மேலே தூக்கி விடுங்கள். அது தடையில்லாமல் இறங்கி 'டொக்' என்று உட்கார வேண்டும். நடுவில் சிக்கினால் சூட்டிலும் சிக்கும். மேலே இருக்கும் பித்தளை மூடியைத் திருகி உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள், 20 கிரேடு எஞ்சின் எண்ணெய் போதும். எண்ணெய் இல்லாவிட்டால் வேகம் கூட்டும்போது வண்டி தயங்கும், ஆனால் நின்றுபோகாது. ஆகவே உங்கள் முக்கிய கோளாறு இது இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

வைகைக்கரை (மதுரை)

ஐயா, அண்ணே, எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மச்சானையும் கூட்டிக்கொண்டு கோவை ஐயா சொன்ன சாமான் எல்லாம் எடுத்துக்கொண்டு அழகர்கோவில் ரோட்டில் போனேன். போகும்போது நிற்கவில்லை. திரும்பும் வழியில் வழக்கம்போல் நின்றது.

ஸ்பார்க் வந்தது, ஆனால் ஆரஞ்சு நிறத்தில், நூல் மாதிரி. சத்தமே இல்லை. காயிலில் விரல் வைத்ததும் எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. பல்பு விட்டு விட்டு எரிந்தது. பாட்டிலில் பெட்ரோல் வந்தது, ஆனால் சீராக இல்லை, நடுவில் குமிழியும் வந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டும் கோளாறா?

வீட்டுக்கு வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், போட்டு மூன்று வாரம்கூட ஆகாத பாயின்ட் முனை இரண்டும் நீலம் பாய்ந்து கருகியிருந்தது. பின்னல் வயர் உறுதியாக இருந்தது. வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறது. எஸ்யூ பிஸ்டன் நன்றாக விழுகிறது, எண்ணெய் இல்லாமல் இருந்தது, விட்டேன். பழைய காயிலை அம்மா எடுத்துவைத்திருந்தார், அப்பா கை பட்ட எதையும் அவர் எறிய விடுவதில்லை.

கோவை_ஸ்பேனர்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தம்பி, அந்தப் பழைய காயில்தான் இப்போது வேண்டும்.

பாயின்ட் நீலம் பாய்ந்தது என்று எழுதியதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஒரு மல்ட்டிமீட்டர் வாங்குங்கள், சாதாரணமானதே போதும். காயிலின் இரண்டு சின்ன முனைகளில் இருக்கும் வயர்களைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே எத்தனை ஓம் என்று பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு குச்சியையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு சின்ன அளவில் அப்படிக் கழிப்பது முக்கியம். உங்கள் வண்டிக்கு வேண்டியது 3 ஓம் பக்கத்தில் இருக்கும் காயில். பின்னால் வந்த பல வண்டிகளில் 1.5 ஓம் காயில் போட்டு, அதற்கு முன்னால் பேலஸ்ட் என்று ஒரு தடையும் வைத்திருப்பார்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது மட்டும் அந்தத் தடையைத் தாண்டி முழு பேட்டரியும் காயிலுக்குப் போகும், ஓடும்போது தடை வழியாகக் குறைந்து வரும். அந்தத் தடை இல்லாத வண்டியில் அந்தக் காயிலை மாட்டினால், 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர் போகும். காயில் அடுப்பாகச் சுடும், பாயின்ட் கருகும், சூடு ஏற ஏற ஸ்பார்க் சன்னமாகிக்கொண்டே போகும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி டப்பாதான், கடையில் கேட்டால் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று, சாவியைப் போட்டுவிட்டு எஞ்சின் ஓடாமல் வெகுநேரம் விடாதீர்கள். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வழியாகக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். நின்ற வண்டியில் ரேடியோ கேட்கிறேன் என்று சாவியைத் திருப்பி வைத்து நல்ல காயிலைப் பாழாக்கியவர்கள் எத்தனையோ பேர்.

குமிழி விஷயத்தை நான் மறக்கவில்லை. முதலில் கரண்டைத் தீர்த்துவிட்டு அப்புறம் அதைப் பார்ப்போம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.

வைகைக்கரை (மதுரை)

அளந்துவிட்டேன். புதுக் காயில் 1.6 ஓம். அப்பாவின் பழைய காயில் 3.1. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது, இவ்வளவு நாள் இந்தச் சின்ன எண்ணுக்காகவா அலைந்தோம் என்று.

பழைய காயிலை மாட்டி, புதுப் பாயின்ட் போட்டு, ஃபீலர் கேஜில் 0.38 மில்லிமீட்டர் வைத்தேன். பிளக் இடைவெளி 0.64. இன்று காலை டேங்க்கை முழுக்க நிரப்பிக்கொண்டு மேலூர் ரோட்டில் போனேன். வெட்டுதலே இல்லை, இழுவையும் நன்றாக இருக்கிறது, காயில் கை வைக்கும் சூட்டில்தான் இருக்கிறது. தீர்ந்தது என்று நினைத்தபோது 24-வது கிலோமீட்டரில் மறுபடி நின்றது.

ஆனால் இந்த முறை நின்ற விதமே வேறு. முன்பு படபடவென்று வெட்டி நிற்கும். இப்போது மேட்டில் ஏறும்போது மெல்ல மெல்ல மூச்சு வாங்குவதுபோல் இழுவை குறைந்து, பிறகு அடங்கி நின்றது. ஸ்பார்க் பார்த்தேன், நீலமாக அடிக்கிறது. பாட்டில் பிடித்தால் வெறும் குமிழி மட்டும், பெட்ரோல் கால் டம்ளர்கூட இல்லை. பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து அடித்தேன், அப்போதும் ஒன்றும் பெரிதாக வரவில்லை. அரை மணி நேரம் ஆனதும் வந்தது. வேப்பர் லாக் என்று திருச்சி அண்ணன் சொன்னதுதான் சரியா? எலெக்ட்ரிக் பம்ப் வாங்கிவிடட்டுமா?

திருச்சி_ஃபியட்

முதலில் சொன்னேனே. ஆனால் ஈரத்துணி போட்டும் வரவில்லை என்பது எனக்கே கொஞ்சம் இடிக்கிறது. என் வண்டியில் துணி போட்டால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடும். டேங்க்குக்குள் துரு இருந்து உறிஞ்சு குழாய் வாயை அடைக்கிறதோ? எத்தனால் பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், எட்டு மாதம் நின்ற வண்டி வேறு. டேங்க்கை இறக்கிக் கழுவிப் பாருங்கள், அதற்குப் பிறகு பம்ப் பற்றி யோசிக்கலாம்.

திண்டுக்கல்_மலைப்பாதை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், முழுதும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். டேங்க்கை இறக்குவதற்கு முன் மூன்று கேள்விகள்.

டேங்க் நிறைந்திருக்கும் நாளில் சீக்கிரம் நிற்கிறதா? பாதிக்குக் கீழே இருக்கும்போது நின்ற ஞாபகம் இருக்கிறதா? பெட்ரோல் மூடி பழையதா, மாற்றினீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், பம்ப் பெட்ரோலை எடுக்க எடுக்க அந்த அளவுக்குக் காற்று டேங்க்குக்குள் போக வேண்டும். அதற்கு மூடியில் ஒரு பொடித் துளையோ தனிக் குழாயோ இருக்கும். அது அடைபட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உருவாகும். ஏசி பம்புக்கு அந்த இழுப்பை எதிர்த்து இழுக்கும் பலம் கிடையாது. அதோடு அழுத்தம் குறைந்த குழாயில் பெட்ரோல் சீக்கிரமே ஆவியாகும், அதனால்தான் குமிழி, அதனால்தான் எல்லோரும் வேப்பர் லாக் என்று நினைக்கிறோம். வண்டி நின்ற பிறகு இடுக்கு வழியாக மெல்ல மெல்லக் காற்று உள்ளே போகும், அரை மணி நேரத்தில் சமமாகிவிடும், வண்டி ஓடும். நாம் ஆறினதால் ஓடியது என்று நம்புகிறோம். உண்மையில் எஞ்சின் சூட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

நிறைந்த டேங்க்கில் மேலே நான்கு லிட்டர் அளவு காற்று இருக்கிறது என்று வையுங்கள். பத்து கிலோமீட்டரில் ஒரு லிட்டர் பெட்ரோல் போனால் நான்கு லிட்டர் காற்று ஐந்து லிட்டர் இடத்தில் பரவ வேண்டும், இழுப்பு பலமாக இருக்கும். பாதி டேங்க்கில் 27 லிட்டர் காற்று 28 ஆவதில் என்ன வந்துவிடப்போகிறது? அதனால்தான் ஊருக்குள் அரை டேங்க்கில் ஓடும்போது உங்களுக்கு எதுவும் தெரியவில்லை, வெளியூர் கிளம்பும்போது நிரப்பிக்கொண்டு போகிறீர்கள், நிற்கிறது.

கொடைக்கானல் மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் வண்டி மூச்சு வாங்கினால் முதலில் இறங்கி மூடியைத்தான் திறப்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அப்படி ஒரு பெரியவர்தான். என் வண்டியில் ஒருமுறை காற்றுக் குழாய் வாயில் குளவி மண் அப்பிக் கூடு கட்டியிருந்தது, ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டதும் சரியாகிவிட்டது.

அடுத்த முறை நிற்கும்போது பானெட்டைத் தொடாதீர்கள். நேராகப் பின்னால் போய் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் எனக்கு எழுதுங்கள். எலெக்ட்ரிக் பம்பை அதுவரை வாங்க வேண்டாம், மூடி அடைத்திருந்தால் அதுவும் கொஞ்ச தூரம் கூடுதலாக ஓடிவிட்டு நிற்கத்தான் செய்யும்.

வைகைக்கரை (மதுரை)

அண்ணே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மூடியை மாற்றியது நான்தான். எட்டு மாதம் நின்றபோது யாரோ டேங்க்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சிவிடுகிறார்கள் என்று அம்மா சொன்னதால், பொங்கலுக்கு வண்டியை எடுத்த வாரத்திலேயே பூட்டு வைத்த மூடி ஒன்று வாங்கிப் போட்டேன். அது எனக்கு மறந்தே போய்விட்டது, மாற்றிய பொருட்களின் பட்டியலில்கூட எழுதவில்லை. அதில் காற்றுத் துளையே இல்லை. உள்ளே கனமான ரப்பர் வாஷர் வேறு.

மறுநாள் காலை டேங்க்கை நிரப்பி, அதே மூடியோடு, அதே மேலூர் ரோட்டில் போனேன். 22-வது கிலோமீட்டரில் மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஓரம் கட்டி மூடியைத் திறந்தேன். புஸ் என்று இழுத்த சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மச்சானுக்கே கேட்டது. மூடியைத் தளர்வாக வைத்துவிட்டு ஸ்டார்ட்டர் அடித்தேன். பத்துப் பதினைந்து விநாடி சுற்றியது, பிடித்துக்கொண்டது. பம்ப் கொதித்துக்கொண்டிருந்தது, ஈரத்துணி இல்லை, காத்திருக்கவும் இல்லை. அப்படியே கொட்டாம்பட்டி வரை போய்த் திரும்பினேன், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வரும் வழியெல்லாம் மச்சான் கேட்டதற்குப் பதில்கூட என்னால் சொல்ல முடியவில்லை, அப்பா நினைப்புதான்.

அப்பாவின் பழைய மூடி சாமான் பெட்டியில் கிடந்தது. துளையில் பெயின்ட் அடைத்திருந்ததைக் குண்டூசியால் எடுத்துவிட்டு அதையே போட்டுவிட்டேன்.

கோவை_ஸ்பேனர்

திண்டுக்கல்காரர் கெட்டிக்காரர். டேங்க் நிறைந்த நாளா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, குமிழி என்றதும் நானும் பம்ப் பக்கம்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் முதல் கோளாறு மூடி. அதைத் தேடிப் போய் மாட்டிய காயில் இரண்டாவது கோளாறு. காயில் மாற்றிய பிறகு மோசமானது என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தீர்கள், உங்கள் காதும் கையும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன தம்பி.

கல்யாணத்துக்கு முன் செய்ய வேண்டியவை இன்னும் உண்டு. ரப்பர் குழாய்களை திருச்சிக்காரர் சொன்னபடி மாற்றிவிடுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் ஆபத்து. வால்வுகளின் டேப்பட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர், எட்டையும் பாருங்கள். எத்தனால் பெட்ரோலில் கலவை கொஞ்சம் மெலிந்துவிடும், அதனால் எஸ்யூவில் பெட்ரோல் அளவை மாற்றும் ஜெட் நட்டை ஒரு பட்டை (அறுகோண நட்டின் ஒரு பக்க அளவு) கீழே இறக்கி வையுங்கள். சரிபார்க்க, எஞ்சின் சூடாக ஸ்லோவில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காத ஓட்டத்தில்) ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். ஓட்டம் கூடி, கூடியபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம், தள்ளாடி நிற்கப் பார்த்தால் குறைவு, லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி.

மாப்பிள்ளை அழைப்பு என்றீர்கள். நடை வேகத்தில் ஒரு மணி நேரம், முதல் கியரில் கிளட்சை மிதித்து மிதித்து. எஞ்சினுக்கு அதைவிடக் கடினமான ஓட்டம் கிடையாது. ரேடியேட்டர் ஃபேன், எஞ்சின் சுற்றும் பெல்ட்டில்தான் ஓடுகிறது, எஞ்சின் மெல்ல ஓடினால் ஃபேனும் மெல்லத்தான் சுற்றும். ரேடியேட்டரைக் கழுவுங்கள், பெல்ட் இழுவையைப் பாருங்கள், அன்றைக்கு மட்டும் ஸ்லோவைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். அலங்காரம் செய்கிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: மாலையைப் பானெட் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும், முன்னால் கிரில்லை மறைத்துப் பூச்சரம் கட்டக் கூடாது. காற்று போகும் வழி அது ஒன்றுதான்.

யாழ்_மைனர் (யாழ்ப்பாணம்)

மிகவும் சந்தோசம். உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு நானும் போய் என் காரின் மூடியைத் திருப்பிப் பார்த்தேன், துளையில் பாதி அழுக்கு. இவ்வளவு காலம் கவனித்ததே இல்லை. தங்கைக்கு என் வாழ்த்துகள்.

வைகைக்கரை (மதுரை)

ஆவணி முகூர்த்தம் முடிந்து நான்கு நாள் ஆகிறது, வீட்டில் சொந்தக்காரர்கள் கிளம்பியதும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

குழாய் எல்லாம் மாற்றினேன். டேப்பட்டில் மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் இறுக்கமாக இருந்தது, மற்றவை பரவாயில்லை. ஜெட் நட் ஒரு பட்டை போதவில்லை, ஒன்றரை வைத்ததும் ஸ்லோ அமைதியாகிவிட்டது. கிரில்லில் பூ கட்ட வந்தவரிடம் கோவை ஐயா சொன்னதைச் சொன்னேன், அவர் கோபித்துக்கொள்ளாமல் சரத்தைப் பக்கவாட்டில் கட்டிக் கொடுத்தார்.

பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் ஒன்றே கால் கிலோமீட்டர்தான். மேளக்காரர்கள் நின்று நின்று வாசித்ததில் ஐம்பது நிமிடம் ஆனது. நான்தான் ஓட்டினேன். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போனது, அங்கேயே நின்றது. மண்டப வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார், மாப்பிள்ளை இறங்கிய பிறகும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே ஓடவிட்டேன்.

பூட்டு வைத்த அந்த மூடி இன்னும் என்னிடம் இருக்கிறது. நடுவில் பொடித் துளை போட்டால் பயன்படுத்தலாமா, தூசி போகாமல் இருக்க என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள், பெட்ரோல் திருட்டு எங்கள் தெருவில் இன்னும் நிற்கவில்லை.

திண்டுக்கல்_மலைப்பாதை

துளை போட வேண்டாம் தம்பி, மேட்டில் ஏறும்போது பெட்ரோல் தளும்பி வெளியே வரும். காற்று உள்ளே மட்டும் போகிற சின்ன வால்வு வைத்த பூட்டு மூடி கிடைக்கிறது. கடையில் வாங்கும் முன் மூடியின் உள்பக்கத்தை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சிப் பாருங்கள், காற்று வந்தால் வாங்குங்கள்.